உயிலும் உரிமையும்

‘உயில்’ பிறப்பால் தமிழ்ச்சொல் அன்று. ஆங்கிலச் சொல் ஒன்று நம் நாவில் ஏறித் தமிழுருப் பெற்று நிலைத்துவிட்டது. விருப்பாவணம், இறுதிமுறி என அறிஞர் நல்ல சொற்களை ஆக்கித் தந்தும் மக்கள் வழக்கில் உயிலே நிற்கின்றது. சொல் இரவல் என்றால், அதன் பொருளும் ஒருவகையில் இரவலே. நம் முன்னோரிடம் பாகப்பிரிவினை இருந்தது, தானம் இருந்தது, தத்து இருந்தது. ஆனால், தன் உடைமை முழுவதையும் தான் மறைந்த பின்னர் இன்னார்க்கு எனத் தன் விருப்பம் ஒன்றையே அளவாகக் கொண்டு எழுதிவைக்கும் தனிமனித உரிமை ஆங்கில ஆட்சியோடு நம்மிடம் வந்து சேர்ந்ததாகும்.

இவ்வுரிமையை உற்று நோக்கினால் அதன் வலிமை விளங்கும். உயிரோடிருப்பவரிடம் மறுத்துப் பேசலாம், அழுது கேட்கலாம், மனத்தை மாற்றலாம். இறந்தவரிடம் இவற்றுள் எதுவும் இயலாது. உயில் என்பது ஒருவர் தம் குடும்பத்திற்கென இயற்றிவிட்டுச் செல்லும் சட்டம். நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் அரசியலமைப்பிற்கு முரண்பட்டால் செல்லாது என்பதை நாம் அறிவோம். தனிமனிதர் இயற்றும் இச்சிறு சட்டம் அரசியலமைப்பு கூறும் சமத்துவத்திற்கு முரண்பட்டால் என்ன ஆகும்? இவ்வினாவை நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியப் பனுவலைத் திறனாய்வது போலவே சட்டப் பனுவலையும் திறனாயலாம். அதில் யார் பேசுகின்றார், யார் பேச இடமின்றி நிற்கின்றார் என்று கேட்கலாம்.

உடைமை வந்த வழி

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், போர்ட்டிக்சன் என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் நம்மவர்க்கு ரப்பர்த் தோட்டங்களே நினைவில் எழும். அங்கே வைகறையில் பெரட்டுக்கு எழுந்த தலைமுறைகளிடம் எழுதிவைக்க என்ன இருந்தது? குடியிருந்த லயத்து வீடு தோட்டத்திற்குரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வெட்டிய மரமும், நடந்த காடும், குளித்த பீலியும் பிறருடையவை. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தை ஆங்கிலச் சட்டமொழி ‘எஸ்டேட்’ என்று குறிக்கும். நம் தொழிலாளரும் தாம் உழைத்த இடத்தை ‘எஸ்டேட்’ என்றே அழைத்தனர். வாழ்நாள் முழுவதும் எஸ்டேட்டில் இருந்தவர்க்குச் சாகும்போது ‘எஸ்டேட்’ இல்லை. ஒரே சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

பின்னர்ச் சிறுகச் சிறுக உடைமை வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சேர்த்துக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் தொடக்கம். செம்பனை பரவி, நீலாய் போன்ற இடங்களில் தோட்டங்கள் நகரங்களாக உருமாறியபோது, வேலை நிறுத்த இழப்பீடும் மலிவு விலை வீடும் சில குடும்பங்களுக்குக் கிட்டின. ஆக, முதன்முறையாக ஒரு தலைமுறைக்கு ‘யாருக்கு எழுதிவைப்பது?’ என்ற வினாவே பிறந்தது. அவ்வினாவுக்கு நம்மில் பலர் இயல்பாகச் சொல்லிய விடை, ‘மகனுக்கு’ என்பது.

வேலிக்கு அப்பால்

இங்கே ஒரு வேறுபாட்டை நெகிரி செம்பிலானில் வாழ்வோர் கண்கூடாகக் காணலாம். தோட்டத்து வேலிக்கு அப்பால், ரெம்பாவிலும் குவாலா பிலாவிலும், மலாய்க்காரரிடையே ‘அடாட் பெர்பாத்தே’ என்னும் தாய்வழி மரபு நிலவுகின்றது. மினாங்கபாவ் மக்கள் சுமத்திராவிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. குலத்தின் பூர்விக நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909இல் இயற்றப்பெற்று 1926இல் மறுபடி வகுக்கப்பெற்ற வழக்கநிலச் சட்டம் இம்மரபை நிலப்பதிவேட்டிலேயே ஏற்றியது. வழக்கநிலம் எனப் பதிவான காணியை அக்குலத்துப் பெண்டிரை விடுத்து வேறொருவர்க்கு எழுதிவைக்க இயலாது. அங்கே உயிலின் கைக்கு விலங்கு உண்டு. அவ்விலங்கே மகளுக்குக் காப்பு.

அம்மரபைக் குறையற்றதெனப் போற்ற வேண்டுவதில்லை. ஆண்மகன் அந்நிலத்திற்கு உரியவனாகான்; சமத்துவத் தராசில் வைத்தால் அதுவும் ஒருபுறம் தாழும். இஸ்லாமியச் சட்டத்திலும் உயிலுக்கு எல்லை உண்டு. சொத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உயிலால் கொடுத்தல் ஆகாது. எஞ்சியது வகுத்துரைத்த வாரிசுகளுக்கே சேரும். ஒரே மாநிலத்தில் மலாய்க்காரர்க்கு மரபும் மார்க்கமும் உயிலுக்கு எல்லை வகுத்திருக்க, ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்த தங்குதடையற்ற உயிலுரிமை நமக்கும் சீனர்க்கும் வாய்த்தது. இப்பரிசு யாருக்குப் பயன்பட்டது என்பதே வினா.

சட்டத்தின் சொற்கள்

முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1959ஆம் ஆண்டு உயில் சட்டம், 1837ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. நல்லறிவுடன் உள்ள, வயது வந்த எவரும் தம் உடைமை அனைத்தையும் உயிலால் வழங்கலாம். எழுத்தில் இருத்தல், ஒப்பமிடல், ஒரே நேரத்தில் இரு சாட்சிகள் உடனிருத்தல் என அது கேட்பன யாவும் வடிவம் பற்றியவை. யாருக்குத் தர வேண்டும் என்று அது கேட்பதில்லை.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பிரிக்கின்றது. அச்சட்டத்திலும் முன்பு ஒரு கோணல் இருந்தது. மனைவி இறந்தால் கணவர் முழுதும் பெறுவார். கணவர் இறந்தால், மக்கள் இருக்குமிடத்து, மனைவி மூன்றில் ஒன்றே பெறுவாள். 1997இல் நாடாளுமன்றம் அக்கோணலை நிமிர்த்தியது. மக்களிடையே அச்சட்டம் மகன், மகள் என்றோ, மணமானவள், ஆகாதவள் என்றோ வேற்றுமை பாராட்டுவதில்லை.

மூன்றாவதாக, 1971ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்பு வாரிசுரிமைச் சட்டம். இஃது ஒன்றே உயிலின் சுதந்திரத்திற்குக் கடிவாளம். உயிலில் தக்க வழி செய்யப்படாத மனைவி அல்லது கணவர், மணமாகாத மகள், வயது வராத மகன், உடல் அல்லது மனக்குறையால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மக்கள் ஆகியோர் உயர் நீதிமன்றத்தை அணுகி நியாயமான பராமரிப்புக் கேட்கலாம். சொத்தை நிருவகிக்கும் அதிகாரம் முதலில் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் கேட்டாக வேண்டும்.

இம்மூன்றையும் ஒரு குடும்பத்தின்மேல் பொருத்திப் பார்ப்போம். ஒரு தந்தை, தாயில்லை, ஒரு மகன், இரு மகள்கள். மூத்தவள் பன்னிரண்டு வயதிலேயே படிப்பை விட்டுத் தாயின் நிரையில் வெட்டியவள். அவள் கூலியும் சேர்ந்தே வீட்டுக்கு முன்பணம் ஆயிற்று. அவள் மணமாகிப் போனாள். இளையவள் மணமாகாதவள். தந்தை உயில் எழுதாது மறைந்தால் மூவர்க்கும் சமபங்கு. வீடு முழுவதும் மகனுக்கே என்று எழுதிவிட்டு மறைந்தால்? இளையவள் நீதிமன்றம் செல்லலாம். கிடைப்பது பங்கன்று, பராமரிப்பு. மூத்தவளுக்கோ அவ்வாயிலும் இல்லை. அவள் கணவனால் கைவிடப்பட்டு வறுமையில் வாடினும், ‘மணமானவள்’ என்ற ஒரு சொல் அவளை வெளியே நிறுத்திவிடும்.

நாட்டின் சட்டம் பிரித்தால் சமம். தந்தையின் கை பிரித்தால் சமமன்று. சட்டம் தன் கையால் செய்ய நாணும் ஒன்றைத் தனிமனிதரின் கையால் செய்ய விடுகின்றது. திறனாய்வாளர் விரல் வைக்க வேண்டிய இடம் இதுவே.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இப்பட்டியல், இங்கிலாந்தில் 1938இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் பட்டியலே. இங்கிலாந்து 1975இல் அதனைக் கைவிட்டு, வயதும் மணமும் கருதாது எந்த மகவும் நீதிமன்றத்தை அணுகலாம் எனப் புதுச்சட்டம் செய்துகொண்டது. தைத்தவரே கழற்றி எறிந்த சட்டையை நாம் இன்னும் அணிந்திருக்கிறோம்.

அரசியலமைப்பு எங்கே நிற்கின்றது?

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. சமயம், இனம், வழிமரபு, பிறப்பிடம் ஆகியவை காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்ற அதன் இரண்டாம் பிரிவில், 2001இல் ‘பாலினம்’ என்பதும் சேர்க்கப்பட்டது. சொத்தைப் பெறுதல், வைத்திருத்தல், கைம்மாற்றுதல் தொடர்பான சட்டங்களை நிருவகிப்பதிலும் இவ்வேற்றுமை ஆகாது என அப்பிரிவே கூறுகின்றது. அப்படியாயின், மகளை மகள் என்பதற்காகவே ஒதுக்கும் உயில் செல்லாது என்று கூறலாமா?

நம் நீதிமன்றங்கள் காட்டிய வழி அதற்கு இடந்தரவில்லை. பெயத்ரிஸ் பெர்னாண்டஸ் என்னும் விமானப் பணிப்பெண், கருவுற்ற காரணத்தால் 1991இல் வேலையிழந்தார். கருவுற்றால் விலக வேண்டும் என்பது நிறுவனத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தின் விதி. 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. அரசியலமைப்பு உரிமைகள் அரசுக்கு எதிரானவை. ஒரு தனியார் இன்னொரு தனியாரின் உரிமையை மீறுவதைப் பற்றியவை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். இதனோடு, நூர்ஃபடில்லா வழக்கை ஒப்பிடுக. தற்காலிக ஆசிரியர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், கருவுற்றிருந்தமையால் அப்பணியை இழந்தார். 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அது 8ஆம் விதிக்கு முரணான பாலின வேற்றுமை என்று தீர்ப்பளித்தது. இருவரும் பெண்கள், இருவர்க்கும் நேர்ந்தது ஒன்றே. ஒருவரை விலக்கியது அரசு. மற்றவரை விலக்கியது ஒப்பந்தம். உரிமையின் எல்லைக்கோடு அவ்விடத்தில் வரையப்பட்டது.

உயிலும் தனியார் எழுத்தே. ஆகவே, இன்றைய நிலையில், நம் நாட்டில் அரசியலமைப்பு உயிலெழுதுபவரின் கையை நேராகப் பற்றித் தடுப்பதில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ நாடாளுமன்றத்தின் எழுத்து. அதில் மணமான மகளை விலக்கியது அரசே. ஆயினும், தனிநபர் சட்டத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை 8ஆம் விதி செல்லாதாக்காது என்று அவ்விதியின் ஐந்தாம் பிரிவு கூறுவதால், அவ்வழியும் எளிதன்று.

இருப்பினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. உயில் தானே நடப்பதில்லை. நீதிமன்றம் அதனை மெய்ப்பித்து அதிகாரம் வழங்க வேண்டும். நில அலுவலகம் கிராண்டில் பெயர் மாற்ற வேண்டும். இறந்தவரின் விருப்பத்திற்கு உயிரூட்டுவது அரசின் கையே. அக்கை அசையும்போதும் அரசியலமைப்பு கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

பிறநாட்டு வழக்குகள்

இவ்வையம் பிறநாடுகளிலும் எழுந்தது. 1872இல் தாகூர் குடும்ப வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கொள்கையை நிறுவியது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறித்துவரான தம் மகனை விலக்கி, ஆண்வழியாகவே சொத்து இறங்கிச் செல்லுமாறு உயில் எழுதியிருந்தார். சட்டம் அறியாத புதியதொரு வாரிசுமுறையைத் தனிமனிதர் தம் விருப்பத்தால் படைத்தல் இயலாது என்றது தீர்ப்பு. தனிமனிதர் சட்டமன்றம் ஆகார் என்பதே அதன் கருத்து. ஆனால் அது சமத்துவத்தை முன்னிட்டு எழுந்த கருத்தன்று.

தென்னாப்பிரிக்கா இன்னும் முன்னே சென்றது. டி யாகர் என்னும் குடும்பத்தார் 1902இல் எழுதிய உயில், பண்ணை நிலம் ஆண் வழித்தோன்றல்களுக்கே செல்ல வேண்டும் என விதித்தது. அந்நிலத்தை அவ்வுயிலின் வழியே பெற்றிருந்த ஒருவர், 2015இல் ஐந்து மகள்களை மட்டும் விட்டு இறந்தார். 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், பெண்களை விலக்கும் அச்சொற்களைச் செயற்படுத்த மறுத்தது. நீதிபதிகள் கூறிய காரணங்கள் வேறுபட்டன, முடிவு ஒன்றே. நூறாண்டுக்கு மேல் பேசிய இறந்தவர் குரலை, வாழ்வோர் உரிமை நிறுத்தியது.

அந்தோராவில் 1939இல் எழுதப்பெற்ற உயில், முறைப்படி மணந்தோர்க்குப் பிறந்த மகவுக்கே சொத்து என்றது. தத்துப்பிள்ளை அதில் அடங்குமா என்பது வழக்கு. அடங்காது என்றன உள்நாட்டு நீதிமன்றங்கள். 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், உயிலுக்குப் பொருள் கொள்ளும் நீதிமன்றம் வேற்றுமைக்கு இடந்தரும் வகையில் பொருள் கொள்ளலாகாது என்றது. உரைகாண்பதில் பழகிய தமிழாசிரியர்க்கு இத்தீர்ப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். எழுதியவர் இறந்துவிட்டார், உரைகாரர் வாழ்கின்றார். உரைக்கு உரைகாரரே பொறுப்பு.

தாய்த்தமிழகத்தின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து, 1989இல், தமிழக அரசு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கியது. ஆனால், அதற்கு முன்பே மணமானவளுக்கு அவ்வுரிமை இல்லை. அங்கும் அதே சொல். அதே வாயில் அடைப்பு. 2005இல் இந்திய நாடாளுமன்றம் அவ்வேற்றுமையை நீக்கியது. இருப்பினும், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தன் பங்கைத் தந்தை உயிலால் யாருக்கும் எழுதலாம் என்கின்றது. சட்டம் முன்வாயிலில் கொடுத்ததை உயில் பின்வாயிலில் எடுத்துச் செல்லலாம். உரிமையைப் பேசி உயிலைப் பேசாது விட்டால் பேச்சு பாதியே என்பதற்கு இதுவே சான்று.

மறுப்பும் விடையும்

உயிலின் சுதந்திரத்தை இங்ஙனம் குறைக்கலாமா என்று கேட்போர் கூற்றிலும் உண்மை உண்டு. தன்னைப் பேணிய ஒரு மகளுக்கு, கைவிட்ட மகனை விடுத்து, வீட்டை எழுதிவைக்க ஒரு தாய்க்கு உதவுவது அச்சுதந்திரமே. தமிழ்ப்பள்ளிக்கும் கோவிலுக்கும் நூலகத்திற்கும் பொருள் எழுதிவைத்தோர் அச்சுதந்திரத்தால் எழுதினர். அரசியலமைப்பே உயிலைக் காத்த வழக்கும் உண்டு. சமய, அறச் செயல்களுக்குச் சொத்து எழுதிவைப்பதில் கிறித்துவர்க்கு மட்டும் தடை விதித்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவை, ஜான் வள்ளமட்டம் என்னும் பாதிரியார் தொடுத்த வழக்கில், 2003இல் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. சமத்துவம் அங்கே உயிலின் விலங்கைத் தறித்தது.

ஆகவே, உயில் கூடாது என்பது நம் கருத்தன்று. ஒருவரை அவர் நடத்தைக்காக விலக்குவது வேறு. பிறப்புக்காக விலக்குவது வேறு. முன்னது தீர்ப்பு, பின்னது தீண்டாமை. ‘மகளுக்குச் சீர் செய்தாயிற்று’ என்பர். சீர் கணவன் வீட்டுக்குச் சென்றது. வீடு மகன் பெயருக்குச் சென்றது. அவள் பெயரில் நின்றது எது? அவள் கூலியும் கலந்தே அச்சொத்து உருவாயிற்று என்பதை எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. எழுதாத கணக்கு என்பதால் அது கடனாகாது போய்விடுமா?

ஆசிரியர் கடமை

சட்டம் திருந்த வேண்டும் என்பது முதற்கோரிக்கை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘மணமாகாத’ என்ற ஓர் அடைமொழியை நீக்குவது நாடாளுமன்றத்திற்குப் பெரும்பணியன்று. 1997இல் பங்கீட்டுச் சட்டத்தை நிமிர்த்திய கைக்கு இதுவும் இயலும்.

ஆயினும் சட்டம் திருந்துமுன் எழுதப்படும் உயில்கள் உண்டு. தோட்டப்புறத்தில் படிவம் நிரப்பவும், மனு எழுதவும், கடிதம் படித்துச் சொல்லவும் மக்கள் நாடியது தமிழ்ப்பள்ளி ஆசிரியரையே. இன்றும் முதியோர் பலர் தம் பத்திரங்களை எடுத்துக்கொண்டு முதலில் வருவது, படித்த உறவினரிடம், ஆசிரியரிடம். அப்போது நாம் சொல்லத்தக்கவை சில உண்டு. உயிலில் பயன் பெறுபவரோ அவர்தம் மனைவி கணவரோ சாட்சிக் கையொப்பமிட்டால் அவர் பெற வேண்டியது செல்லாது போகும். உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் பொதுவாக நீங்கிவிடும். முஸ்லிம் அல்லாதார் ஊழியர் சேமநிதியில் யாரை நியமித்துள்ளனரோ அவருக்கே அப்பணம் உரியதாகும். உயில் அதனை மாற்றாது. தோட்டத் தொழிலாளி பலர்க்கு வாழ்நாள் சேமிப்பு அந்நிதியே ஆதலின், மகளின் பெயர் அங்கே இருக்கின்றதா என்று பார்ப்பதும் உயிலைப் பார்ப்பது போன்றதே.

இவற்றோடு ஒரு வினாவையும் கேட்போம்: ‘ஐயா, மூத்த மகளின் பெயர் இதில் காணோமே?’ அவ்வளவே. வற்புறுத்த நமக்கு உரிமையில்லை, கேட்க உரிமையுண்டு. பலர் தீய எண்ணத்தால் மகளை விடுவதில்லை. கேட்பார் இல்லாமையால் விடுகின்றனர்.

வேலிக்கு அப்பால் ரெம்பாவின் மகள் தன் தாயின் நிலத்தில் நிற்கின்றாள்; அவளைக் காப்பது மரபு. தென்னாப்பிரிக்காவின் ஐந்து மகள்களைக் காத்தது அரசியலமைப்பு. நம் தோட்டத்து மகளுக்கு இன்று மரபும் துணையில்லை. அரசியலமைப்பின் கையும் அவள்வரை நீளவில்லை. நீளும் நாள் வரும்வரை, உயிலெழுதும் தந்தையின் மனச்சான்றும், அருகிருந்து எழுதித் தருபவரின் ஒரு வினாவுமே அவளுக்குரிய காப்பு. அவ்வினாவைக் கேட்கத் தவறுவோமாயின், அவள் பெயர் விடுபட்ட பிழையில் நமக்கும் பங்குண்டு.